உக்ரேன்காரருக்கு நான் அடித்த போஸ்டர்

திண்டிவனத்தில் யாராவது செத்துப்போனால், டாக்டருக்கு அடுத்தபடியாக அதை உறுதி செய்வது நான்தான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டுக்கும் நடுவில் நான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு வந்தாலும் போஸ்டர் டிசைன் செய்து, பக்கத்து அச்சகத்தில் அடித்துக் கொடுப்பேன். இருபது வருடமாக அதே நாற்காலி. என் முன்கோபத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். யாராவது முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மாலையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள் என்று சொன்னால், மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். உயிரோடு இருப்பவரைக் கலரில் போட வேண்டும். போனவரைக் கறுப்பு வெள்ளையில் போட வேண்டும். போனவர் என்றால் கழுத்தில் மாலை, கீழே ஒரு விளக்கு, அதற்கும் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு வருடங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. பஸ்ஸில் ஜன்னலோரம் போகிறவர்கூட எழுத்தைப் படிக்காமலேயே உச்சுக் கொட்டிவிடுவார். இந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் அந்த உக்ரேன்காரரைச் சாகடித்தேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திண்டிவனம்–விழுப்புரம் தடத்திலேயே முப்பது வருடம் போயிற்று. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தூக்கத்தில்கூட ஸ்டாப்பிங் சொல்வார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சோபாவில் உட்கார்ந்தார். எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் படுக்கவும் எழுந்ததை நான் சேர்க்கவில்லை. முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் கொஞ்சம் உட்காரக்கூடாதா என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் உடம்பில் இருந்த சர்க்கரைக்குப் புரியவில்லை. விழுப்புரத்தில் நாங்கள் காட்டும் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உடம்பை அசைக்க வேண்டும், மூன்று மாதம் பார்ப்பேன், குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்றார்.

ஊசி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. கொரோனா தடுப்பூசி வரிசையில் நின்றபோது, தனக்கு முன்னால் இருந்தவருக்குப் போட்டதைப் பார்த்தே மயங்கி விழுந்த மனிதர். அப்படிப் பயந்தவர் மறுநாளே நடக்க ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். எங்கே? நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தேன். அந்த ஒரு வாரம் வீடு நிம்மதியாக இருந்ததாக அவர் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் அவர் போனுக்குள் அந்த உக்ரேன்காரர் வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய ரோடு ரேஸ்களில் சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்கியவர், இப்போது ஓய்வு. வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, நல்ல தொப்பை. ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு, முன்னால் கூடை வைத்த ஒரு பழைய சைக்கிளில் ரொட்டி வாங்கப் போவதை வீடியோ எடுத்துப் போடுவார். அவ்வளவுதான் விஷயம். மேட்டில் மூச்சு வாங்குவார். குறுக்கே வரும் வாத்துகளுக்கு வழிவிட்டு நின்று அவற்றிடம் நலம் விசாரிப்பார். வீட்டு வாசலில் இறங்கியதும் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன் மண்டையில் ஊற்றிக்கொண்டு சிரிப்பார். இதைப் பார்க்க உலகம் பூராவிலிருந்தும் லட்சக்கணக்கில் ஆட்கள். ரேஸில் ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க இவரை ஏன் இப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நாட்டில் சண்டை நடக்கிறது, பாதி நாள் கரண்ட் இல்லை, அதற்கு நடுவிலும் இந்த மனிதர் ரொட்டி வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்துவிடுகிறாரே, ஒருவேளை அதனால் இருக்கலாம்.

ஒரு வீடியோவில் அவர் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். போன் தானாகவே கீழே தமிழில் எழுத்துப் போடும். கொஞ்சம் கோணல் மாணலாக இருக்கும், ஆனால் புரியும். அவர் ஜெயிப்பதற்காக ஓட்டியவர் இல்லையாம். அணியில் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்றால் மற்றவர்கள் அவருக்காக உழைக்க வேண்டுமாம். பின்னால் வரும் காருக்குப் போய், பாட்டில்களைச் சட்டைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி முன்னால் மிதித்துப் போய் ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பதுதான் அவர் வேலை. சம்பளம் வாங்கி ஓட்டிய காலம் முழுக்கத் தண்ணீர்தான் சுமந்தேன், ஜெயித்தவர் கழுத்தில் மாலை விழும்போது நான் காலி பாட்டில் பொறுக்கிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டு, அதற்கும் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தோ பாரு, இது நம்ம வேலைதான். ஊருக்குப் போறவன் எறங்கிப் போய்க்கினே இருப்பான். நாம திரும்பித் திரும்பி வந்துக்கினு இருக்கணும்" என்றார். எட்டு மாதத்தில் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆள் வீட்டில் இல்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளும் இல்லை. எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் அது. மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், சைக்கிள் மட்டும் எங்களோடு இருந்தது. முன்னால் ஒரு கம்பிக் கூடை. உக்ரேன்காரருடைய சைக்கிளிலும் அதே மாதிரி கூடை. அந்தப் பொருத்தத்தை அவர் பெரிய சகுனமாக எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் மார்க்கெட் வரை. ஒரு வாரத்தில் பைபாஸ். ஒரு மாதத்தில் ஒலக்கூர். அதற்குள் அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்: ஒரு பால்காரர், ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மாவு மில் வைத்திருப்பவர் ஒருவர். நான்கு பேரும் ஒலக்கூர் கூட்ரோட்டில் ஒரு டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, உக்ரேன்காரர் மாதிரியே மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்களாம். பெஞ்சு நனைகிறது என்று டீக்கடைக்கார அம்மா தினமும் திட்டுவாராம். அந்த அம்மாவோடு எனக்குப் பார்க்காமலேயே ஒரு சிநேகம் ஏற்பட்டுவிட்டது.

டீ குடித்ததும் போனை எடுத்து அன்றைய வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுதுவார். "வணக்கம்ங்க. இன்னிக்கு ஒலக்கூர் போயிட்டு வரேன். எதிர்காத்து ஜாஸ்தி." அவ்வளவுதான். லட்சம் பேர் எழுதும் இடத்தில் இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். உக்ரேன்காரர் படித்தார். ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போடுவார். ஒரு நாள் வீடியோவிலேயே இவர் எழுதியதைப் பெரிதாக்கிக் காட்டி, இந்த வட்ட வட்டமான எழுத்து தனக்கு மிகவும் பிடிக்கும், தினமும் இவர் எவ்வளவு தூரம் போனார் என்று பார்த்த பிறகுதான் தான் ரொட்டி வாங்கவே கிளம்புவதாகச் சொன்னார். அன்று எங்கள் தெருவில் இந்தச் செய்தி தெரியாத வீடு இல்லை. எனக்குத்தான் எரிச்சல். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்லி நகராத மனிதர், மீசை வைத்த ஒரு சக்களத்தி சொல்லி நாற்பது நிமிடம் மிதிக்கிறார்.

எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்ட அன்று நான் பூஜை அறைக்குப் போய் நன்றி சொன்னேன். யாருக்கு நன்றி சொன்னேன் என்பது எனக்கும் சாமிக்கும் தெரியும். டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் நெருங்கியது. இந்த முறை விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வரமாட்டேன் என்றார் அவர். நாற்பது கிலோமீட்டர் இருக்கும். "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச ரோடு. ஒரு தடவையாச்சும் மிதிச்சிப் பாக்கணும்" என்றார். சரி என்று சொல்லாமல் முறைத்துவிட்டு, என் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டேன், பின்னாலேயே போவதற்கு.

அந்தச் சமயத்தில் வீடியோ நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் நிற்பது உண்டு. இந்த முறை பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. நால்வரும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த நாட்டுச் செய்தியைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வீடியோவுக்குக் கீழேயே தினமும் எழுதிக்கொண்டிருந்தார், இதயம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் நான்கு சைக்கிளும் வாசலில் வந்து நின்றன. என் வீட்டுக்காரர் போனை நீட்டினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உக்ரேன்காரருடைய பக்கத்தில் ஒரு படம். வாலிப வயதில் எடுத்தது, கறுப்பு வெள்ளை. கழுத்தில் இலையால் கட்டிய பெரிய மாலை. படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அடியில் இரண்டு வருடங்கள், நடுவில் கோடு. எழுத்து எதுவும் இல்லை, ஒரு கும்பிடும் கை மட்டும். அதற்குக் கீழே எல்லா நாட்டுக்காரர்களும் இதயமும் கும்பிடும் கையுமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். என் தொழிலில் இதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

"போய்ட்டாருங்க" என்றேன்.

கணக்கு வாத்தியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். முதல் வருடம் பிறந்த வருடம் என்றால் ஆளுக்கு நாற்பதுகூட ஆகவில்லையே, இந்த வழுக்கைக்கும் மீசைக்கும் அது பொருந்தவில்லையே என்றார். சரியான கேள்வி. துக்க வீட்டில் வருடம் தப்பாகத்தான் வரும் என்று நான் அதை அமுக்கினேன். இருபது வருடத்தில் பிறந்த வருடத்தைச் சரியாக எழுதிக் கொடுத்த துக்க வீட்டை நான் பார்த்ததே இல்லை. அழுகிற அவசரத்தில் தம்பி பிறந்த வருடத்தை அண்ணனுக்குப் போடுவார்கள், கல்யாண வருடத்தைத் தோற்றத்தில் போடுவார்கள், நான்தான் ஆளைப் பார்த்துத் திருத்துவேன். இதையும் திருத்தினேன். வழுக்கையை உத்தேசித்து இருபது வருடத்தைப் பின்னால் தள்ளி வைத்தேன். கீழே பலர் ஏதேதோ மொழியில் எழுதியிருந்ததில் ஒன்றையாவது தமிழில் மாற்றிப் பார்த்திருக்கலாம். படத்தைப் பார்த்தாயிற்றே, இன்னும் என்ன படிப்பது என்ற திமிர்.

போஸ்டர் வேண்டும் என்றார்கள். தெரிந்தவர் போனால் சுவரில் ஒட்டாமல் இருப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. உட்கார்ந்தேன். கண்ணீர் அஞ்சலி என்று மேலே. நடுவில் வழுக்கைத் தலையோடு அவர் சிரிக்கும் படம், கறுப்பு வெள்ளையாக்கி, எங்கள் ஊர் ரோஜா மாலையும் போட்டு. 'ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவரே, எங்கள் கண்ணில் தண்ணீரை விட்டுச் சென்றீரே' என்று ஒரு வரி, என் சொந்தச் சரக்கு. அடியில், வருந்தும் திண்டிவனம் காலை சைக்கிள் நண்பர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மாலையை அவர் கழுத்துக்கு நகர்த்தும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சக்களத்தியாக இருந்தால் என்ன, என் மனிதரை எழுப்பி உட்கார வைத்தவர் அல்லவா. ஐம்பது போஸ்டர் அடித்தோம். பால்காரர் மைதா பசை காய்ச்சிக்கொண்டு வந்தார். ஒலக்கூர் பக்கமும் கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று மாலை என் வீட்டுக்காரர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார். "பதினாறு நாள் முடியட்டும்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். பதினாறாம் நாள் காரியம் சொந்தபந்தத்துக்கு. எங்கோ கடல் தாண்டி இருந்தவருக்கு இவர் ஏன் துக்கம் காக்க வேண்டும்? ஆனால் அவர் காத்தார். சோபாவுக்குத் திரும்பினார். போனை எடுக்கவில்லை. காலையில் மற்ற மூவரில் ஒருவர் வந்து கூப்பிட்டாலும் தலையை ஆட்டிவிட்டார். சாயங்காலம் முனைக் கடையில் பஜ்ஜி வாங்கித் தின்றார். நான் கேப்பைக் களி கிண்டி வைத்தால் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் இந்தத் துக்கத்தின் பன்னிரண்டாம் நாளில் வர இருந்தது. இரண்டு மாதம் மிதித்துச் சம்பாதித்தது கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. காலம் பூராவும் ஊசியோடு இந்த மனிதர் என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து எனக்குக் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தது. ஒரு நாள் கத்தியேவிட்டேன். செத்தவருக்காக நீங்களும் சாக வேண்டுமா என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார். வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. என்ன சார் என்றேன். அவர் போனைக் கவுன்ட்டரில் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வீடியோவில் உக்ரேன்காரர், கலரில்.

தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் மூக்கு சிவந்து உரிந்திருந்தது. அக்காள் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டப் போனாராம், அங்கே கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த இடைவெளியில் அவருடைய மகள் பெட்டியைக் குடைந்து அந்தப் பழைய படத்தை எடுத்து அவர் பக்கத்தில் போட்டிருக்கிறாள். பதினெட்டு வயதில் உள்ளூர் பந்தயத்தில் அவர் ஜெயித்தபோது எடுத்தது. வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே பந்தயமாம், கழுத்தில் விழுந்த ஒரே மாலையாம். அந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை அப்பா மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று காட்டத்தான் அந்த இரண்டு வருடங்களும் நடுவில் கோடும். மெழுகுவத்தி, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஏற்றியது. நாம் விளக்கு ஏற்றுவதில்லையா, அது மாதிரி.

பிறகு அவர் அச்செடுத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். என் போஸ்டர். கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போட்டு, அது ஊர் ஊராகச் சுற்றி, அவர் சாவை முதலில் அறிவித்த ஊர் என்ற பட்டத்தோடு அவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இனி இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் போஸ்டரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார். கீழே தமிழ் ஓடியது. நான் எத்தனையோ வருடம் சைக்கிள் ஓட்டினேன், என் படத்தை இவ்வளவு பெரிதாக யாரும் சுவரில் ஒட்டியதில்லை, இந்த ஊரார்தான் முதலில் ஒட்டினார்கள், இதில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கேமராவுக்குக் கிட்டே வந்தார். அடுத்து வந்த வரிகளை நான் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

"வட்ட எழுத்தில் எனக்குத் தினமும் எழுதும் மனிதர் ஒன்பது நாளாக எழுதவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று? அந்த ஊரில் இருப்பவர்கள் யாராவது போய்ப் பாருங்கள்."

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடினேன். மூடாமல் போன ஒரே நாள் அதுதான். வீட்டில் அவர் சோபாவில் பஜ்ஜியை எண்ணெய் போக நியூஸ் பேப்பரில் ஒற்றிக்கொண்டிருந்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை அவருக்கு. கலர் படத்தைப் பார்த்து, பழைய வீடியோ என்று நினைத்துக் கையால் தள்ளினார். பிறகு போஸ்டர் வந்தது. பிறகு அந்தக் கடைசி வரிகள் வந்தன. அவற்றை இரண்டு முறை, மூன்று முறை பின்னால் ஓட்டி ஓட்டிப் படித்தார்.

"என்னைத் தேடிக்கினு இருக்காரு" என்றார்.

முப்பது வருடம் பஸ்ஸில் நின்றவரை இறங்கிப் போன எவரும் திரும்பிப் பார்த்ததில்லை என்று அவர் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது, அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய், வேட்டியை உருவிப் போட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். மணி மூன்று, நல்ல வெயில், சாயங்காலம் போகலாமே என்றேன். "அங்க மனுசன் கவலைப்பட்டுக்கினு இருக்காரு, நீ வேற" என்று கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் ஒலக்கூரிலிருந்து எழுதினார். வணக்கம்ங்க. நல்லா இருக்கேன்ங்க. ஒலக்கூர் வந்துட்டேன். போஸ்டர் அடிச்சது என் சம்சாரம், மன்னிச்சிருங்க. சிவப்பு இதயம் உடனே வந்தது. அதைப் பார்த்துவிட்டு டீக்கடைக்கார அம்மாகூட அன்று பெஞ்சு நனைந்ததற்குத் திட்டவில்லையாம்.

அடுத்த இரண்டு நாளும் நான் ஊருக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம், அக்கா எனக்கும் ஒரு அஞ்சலி அடிச்சிக் குடு, ஆயுசு கெட்டியாவட்டும் என்று கலாய்த்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த போலீஸ்காரர்கூடச் சிரித்தார். நான் மூச்சு விடாமல் ஐம்பது துண்டுச் சீட்டு அடித்தேன். 'தவறுக்கு வருந்துகிறோம், நலமாக இருக்கிறார், ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்.' அதை நால்வரும் எடுத்துப்போய், ஒட்டிய போஸ்டர்கள்மேல் குறுக்கே ஒட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். அவர் சைக்கிளில், நான் ஸ்கூட்டரில் பின்னால். ஸ்கூட்டரை அவ்வளவு மெதுவாக ஓட்டுவது பெரிய பேஜார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், மெதுவாக, ஓரமாக, லாரி வருது என்று கத்திக்கொண்டே போனேன். அவர் காதில் வாங்கவே இல்லை. கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் துண்டுச் சீட்டு ஒட்டாமல் விட்டுப்போன போஸ்டர் ஒன்று இருந்தது. இறங்கி, அதன் பக்கத்தில் நின்று, ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். அஞ்சலி போஸ்டரோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற ஆளை பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

விக்கிரவாண்டி நெருங்கும்போது பின்னால் ஒரு விசில் கேட்டது. விழுப்புரம் பஸ். படியில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர் இவரோடு வேலை பார்த்தவர். டிரைவர் வேகத்தைக் குறைத்து எங்களோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தார். "இன்னாண்ணா, டிக்கெட் எடுக்காம போறியே" என்று அந்தக் கண்டக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் மிதிப்பதை நிறுத்தாமல் ஒரு கையை உயர்த்தி, வாயாலேயே இரண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பிப் போனது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெகுதூரம் வரை பார்த்துக்கொண்டே போனார்கள்.

டோல்கேட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று, நான் அவித்துக் கொண்டுவந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்துத் தின்றோம். முண்டியம்பாக்கத்தில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று பாதி தூரம் நடந்தார், மறுபடி ஏறினார். விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். இரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கையை நீட்டிவிட்டு, என் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ரிப்போர்ட் வரும்வரை நான் அந்த ஒன்பது நாள் பஜ்ஜியையும் பிஸ்கட்டையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். போன முறை மாதிரியே கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார்.

"இது மூணு மாச சராசரிங்க. நல்லா கொறஞ்சிருக்கு. ஊசி வேணாம்" என்றார். என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார். இவர் உக்ரேனில் ஒருத்தர் இருக்காருங்க என்று ஆரம்பித்தார். வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்க்கும்வரை அந்தக் கதை முடியவில்லை.

வாசலுக்கு வந்ததும் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தார். பாதியைத் தன் மண்டையில் ஊற்றிக்கொண்டார். மீதியை, நான் என்ன நடக்கிறது என்று உணர்வதற்குள், என் தலையில் கவிழ்த்துவிட்டார். நடுரோட்டில், ஆஸ்பத்திரி எதிரில், புதுப் புடவையில். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே சிரித்தேன். சைக்கிளை பஸ் மேலே ஏற்றித்தான் அவர் திரும்பினார், டிக்கெட் எடுத்து, நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தேன்.

அன்று அவர் எழுதியதற்குக் கீழே இதயத்தோடு ஒரு வரியும் வந்திருந்தது. அந்தப் போஸ்டர் தனக்கு வேண்டும், சமையலறைச் சுவரில் மாட்ட, ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மறுநாள் நான் கடையில் உட்கார்ந்தேன். இருபது வருடத்தில் கறுப்பு வெள்ளையிலிருந்து ஒரு மனிதரைக் கலருக்கு மாற்றியது அதுதான் முதல் தடவை. மூக்கின் சிவப்பு திரும்பி வந்தது. ரோஜா மாலையை எடுக்க மனசு வரவில்லை, அவர் கழுத்தில் விழுந்தது ஒரே மாலைதானே, இன்னொன்று இருக்கட்டும் என்று விட்டேன். விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரொட்டியை வைத்தேன். வருந்தும் என்று இருந்த மூலையில் கூட்டேரிப்பட்டு செல்பியிலிருந்து என் வீட்டுக்காரரை வெட்டி ஒட்டினேன். வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு, தன்னை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். நான் மவுஸைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. பெரிதாகவே போட்டேன்.

கடைசியில் வருடத்துக்கு வந்தேன். நான் திருத்தியதை அழித்துவிட்டு, அவர் அந்த ஒரு பந்தயத்தில் ஜெயித்த வருடத்தைப் போட்டேன். பக்கத்தில் கோட்டையும் போட்டேன். கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் போடவில்லை.